வீட்டு வரியில் அக்காவின் பெயர்

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். சமையலறைக் குழாய்க்குத்தான் உடம்பு சரியில்லை, இரவும் பகலும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அம்மா போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "கிளாஸ்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது.

உன் பிறந்தநாளுக்கு நகரமன்றத்திலிருந்து ஒரு வாழ்த்து வந்திருக்கிறது. வீட்டு வரி நோட்டீஸ்! போன வருடத்தை விட அதிகம். அம்மா பஸ் ஓட்டிவிட்டு வந்து, சீருடையைக் கூட மாற்றாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீடு அதே வீடு. ஒரு ஆணி கூட அடிக்கல. எதுக்கு ஏத்தினாங்க?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் ஏற்றியதைப் போல.

நோட்டீஸோடு ஒரு கையேடும் வந்தது. நான் அதைக் கதைப்புத்தகம் மாதிரிப் படித்தேன். உண்மையிலேயே சுவாரஸ்யமாக இருக்கிறது, சிரிக்காதே. வீடுகளை மதிப்பை வைத்து ஆறு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். நம்முடையது மூன்றாம் தரம். ("யாரு வீடு மூணாந்தரம்?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். வரி குறைவு என்று சொன்னதும் அடங்கிவிட்டாள்.) ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் முழு வரி போடுகிறார்கள். ஒரே ஒருவர் என்றால் கால் பங்கு குறைப்பார்கள். அப்பா இறந்ததிலிருந்து அம்மாவுக்கு அந்தச் சலுகை தானாகவே கிடைத்து வந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. இப்போது உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் நீ இரண்டாவது பெரியவர். சலுகை போய்விட்டது.

ஆனால் கவலைப்படாதே. முழுநேர மாணவர்கள் ஆள் கணக்கில் வரமாட்டார்கள் என்று எட்டாம் பக்கத்தில் இருக்கிறது! கல்லூரியிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பினால் போதும். கடைசி நாள் ஜூன் முப்பது. நான் படிவத்தில் உன் பெயருக்கு எதிரே "மாணவி" என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டேன்.

உன்,
காகித எலி

பி.கு.: கண்டக்டர் மாமா இப்போதெல்லாம் அம்மாவை "ஆடிட்டரோட அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா கண்ணாடியில் சிரிப்பாள்.

ஜூன் 7

என் எலிக்குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வரிக் கையேட்டைக் கூட விட்டுவைக்க மாட்டாயா? அடுத்து மருந்துச் சீட்டா?

நான் நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அம்மாவிடம் அதைச் சொல். சான்றிதழ் விஷயம், கல்லூரி அலுவலகத்தில் அந்த ஆள் விடுப்பில் இருக்கிறார். வந்ததும் பார்க்கிறேன். அதற்காக நீ அலைய வேண்டாம். ஒரு வருடம் முழு வரி கட்டினால்தான் என்ன? நான் கொஞ்சம் பணம் அனுப்புகிறேன்.

குழாய்க்குக் காசு கொடுத்து ஆளைக் கூப்பிடாதீர்கள். தண்ணீரை அடைத்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்திருக்கும். அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிப் போடு. ஐந்து நிமிட வேலை.

அன்புடன்,
அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

குழாய் அழுகையை நிறுத்திவிட்டது! வளையத்தை நானே மாற்றினேன். அம்மா பத்து தரம் திறந்து மூடிப் பார்த்தாள். "காலேஜ்ல குழாய் ரிப்பேர் எல்லாமா சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். நீ படிப்பது கணக்கியல் அல்லவா?

இன்னொன்றும் கவனித்தேன். உன் கடிதத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. முகர்ந்து பார்த்தேன், மை வாசனை இல்லை. அம்மாவின் பணிமனையில் வருமே, அந்த மாதிரி கிரீஸ் வாசனை.

முழு வரி கட்டினால்தான் என்ன என்று கேட்டிருந்தாய். அம்மா உன் அறையை வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறாள், அதுதான் என்ன. உன் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தி அளந்துகூடப் பார்த்துவிட்டாள். வாடகைக்கு வருபவரும் பெரியவர்தானே, அப்போது சலுகை எப்படியும் கிடைக்காது என்று நான் கையேட்டைக் காட்டினேன். "வக்கீலம்மா, போய் பாலை இறக்கு" என்றாள்.

நீ வேலையாக இருப்பதால் உனக்குச் சிரமம் தரக்கூடாது என்று ஒரு காரியம் செய்தேன். சான்றிதழ் கேட்டு உன் கல்லூரிக்கு நானே எழுதிவிட்டேன். உன் பெயர், பிரிவு, சேர்ந்த வருடம் எல்லாம் தெளிவாக எழுதி, நம் முகவரியிட்ட உறையும் தபால் தலையோடு வைத்தேன். இனி நீ அந்த விடுப்பில் போன ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உன்,
காகித எலி

ஜூன் 15

எலிக்குட்டி,

நீ எழுதியிருக்கக் கூடாது. உன் மேல் கோபமில்லை. அந்தப் பதில் வருவதற்குள் இது வந்துவிட வேண்டும் என்று வேகமாக எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இல்லை. இரண்டாம் பருவத்தோடு நின்றுவிட்டேன். யாரும் துரத்தவில்லை, தேர்விலும் தோற்கவில்லை. ஒரு நாள் விடுதி லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே நான். லிப்ட் பழுது பார்க்கும் ஒரு அக்கா வந்து கதவைத் திறந்து என்னை வெளியே தூக்கினாள். பயத்தில் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான், "எது நின்னுபோச்சு? பாக்கலாமா?" என்று கேட்டேன். என்னை மேலே இயந்திர அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே சக்கரமும் கம்பிவடமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது, வகுப்பில் ஒரு நாளும் வராத விழிப்பு வந்தது.

இப்போது அந்த அக்காவின் கம்பெனியில் பழகுநராக இருக்கிறேன். இரண்டு வருடப் பயிற்சி. உதவித்தொகை கொஞ்சம்தான். கை நிறைய கிரீஸ், நீ சரியாகத்தான் முகர்ந்தாய்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? ஒரு பஸ் முழுக்க நான் ஆடிட்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். போனில் அவள் குரல் கேட்டதும் "கிளாஸ்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவேன்.

படிவத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். என் பெயரை அடித்துவிடு. இங்கே வசிக்கவில்லை என்று எழுது. அம்மா ஒருத்திதான் பெரியவர் என்றால் கால் பங்கு சலுகை வந்துவிடும். என் அறையையும் வாடகைக்கு விட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை.

அக்கா

ஜூன் 21

என் அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உட்கார்ந்துகொள். ஏணி மேல் நின்று படிக்காதே.

உன் கடிதமும் கல்லூரிப் பதிலும் ஒரே நாளில் வந்தன. கல்லூரி உறையைச் சான்றிதழ் என்று நினைத்து அம்மா வாசலிலேயே பிரித்துவிட்டாள். "மேற்படி மாணவி தற்போது இக்கல்லூரியில் பயிலவில்லை." அவ்வளவுதான் இருந்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் உன் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு என்ன ஆயிற்றோ என்று அவள் பயப்படுவதை விட இது மேல் என்று தோன்றியது. தப்பென்றால் மன்னித்துவிடு.

இரண்டு முறை படித்தாள். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரங்களையே. பிறகு கேட்டாள்: "லிப்ட்ல எங்க நிக்கிறா? உள்ளயா, மேலயா? இடுப்புக்கு பெல்ட் குடுக்கறாங்களாமா?" எனக்குத் தெரியாது என்றேன். பெல்ட் கொடுக்கிறார்களா? உடனே எழுது.

ராத்திரி சாப்பிடும்போதுதான் கோபம் வந்தது. எனக்கே ஆச்சரியம், கோபம் கல்லூரியைப் பற்றி இல்லை. "பொய் சொன்னதுக்கு வர்றப்ப வாங்கிக்கட்டும். பேரை அடிச்சிடுன்னு எழுதறாளே, அதுக்கு என்ன திமிரு! நான் சோறு போட்ட வீட்ல இருந்து இவ பேரை இவளே அடிப்பாளாமா?" என்றாள். அப்புறம் எழுந்துபோய் உன் கட்டிலை ஜன்னல் பக்கமே இழுத்துப் போட்டாள்.

நான் கையேட்டை மறுபடி எடுத்தேன். எட்டாம் பக்கத்தில் மாணவரைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டேன், அதுதான் என் தவறு. பத்தாம் பக்கம் வரை அந்தப் பட்டியல் போகிறது. குறைந்த உதவித்தொகையில் தொழில் பழகுபவர்களும் ஆள் கணக்கில் வரமாட்டார்கள்! பயிற்சிக்காக வெளியூரில் தங்கினாலும் நிரந்தர வீடு இதுதான் என்று பெயரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். நாம் பொய் சொல்லவும் வேண்டாம், உன்னை அடிக்கவும் வேண்டாம். கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் இருந்தால் போதும்.

இன்று அம்மாவுக்கு விடுமுறை, அதனால் இருவரும் வரி அலுவலகம் போனோம். நான்காவது மாடி. லிப்ட் வாசலில் "பழுது" என்று அட்டை தொங்கியது. மூச்சு வாங்க ஏறி வரிசையில் நின்றால், பின்னாலேயே எதிர்வீட்டுத் தையல் அத்தை! அம்மா யாரிடம் உன்னை ஆடிட்டர் என்று அதிகம் பீற்றியிருக்கிறாளோ, அதே அத்தை.

கவுன்ட்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்து, "மூத்த பொண்ணு ஸ்டூடண்டா?" என்று கேட்டார். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "ஆமா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அம்மா கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி:

"இல்ல சார். லிப்ட் ரிப்பேர் வேலை கத்துக்கறா."

"பொண்ணா?"

"தினம் காலையில பதினாலாம் நம்பர் பஸ்ல வர்றீங்களே, அதை யார் ஓட்டறான்னு நெனச்சீங்க?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "அட, நீங்களா! சீருடை இல்லாம தெரியல." பிறகு தணிந்த குரலில், "வெளியூர்லதானே இருக்காங்க? பேரை எடுத்துட்டா கடிதம் கிடிதம் எதுவும் வேண்டாம். வேலை சுலபம்" என்றார்.

"கஷ்டமாவே இருக்கட்டும் சார். பேரு இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அவர் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தினார். கடிதத்தை முப்பதாம் தேதிக்குள் கொடுக்கச் சொன்னார். "அப்படியே உங்க பொண்ணை இந்த லிப்டையும் ஒரு கை பாக்கச் சொல்லுங்க. மூணு மாசமா எங்க முட்டி போகுது" என்றார். வரிசையே சிரித்தது. தையல் அத்தை மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஆடிட்டர் வந்து என்ன செய்யப்போறா? இந்தப் படிக்கு இவதான் வேணும்" என்றாள்.

வரும் வழியில் கண்டக்டர் மாமா நம் நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து "என்ன, ஆடிட்டரோட அம்மா!" என்று கத்தியபோது, "லிப்ட்காரியோட அம்மா" என்று திருத்தினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் போய்விட்டது.

படிவத்தின் நகலைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். "மாணவி" என்ற பென்சில் எழுத்தை அழித்தது எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு தடம் இருக்கிறது. அதன் மேல் பேனாவில் "பழகுநர்" என்று எழுதியிருக்கிறேன். உன் பெயர் அம்மா பெயருக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

அம்மாவுக்கு இதன் கீழே ஏதோ எழுத வேண்டுமாம், பேனாவைப் பிடுங்குகிறாள்.

உன்,
காகித எலி

கம்பெனி லெட்டர் முப்பதாம் தேதிக்குள்ள வேணும். தபால்ல போடாத, தொலஞ்சு போயிடும். நீயே எடுத்துட்டு வா.
அம்மா