தாய் காய்ச்சிருக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைஞ்சுதா? மாத்திரையை மறக்காமப் போடு. எனக்கு ஒரு குறையும் இல்ல, அட்டைக்கடிகூடப் பழகிப்போச்சு.

விதை எடுக்குறதுக்குன்னே காத்து வெச்சிருக்குற மரத்தை இங்க தாய் மரம்னு சொல்வோம். ஒரு இனத்துல இந்தக் காட்டுல மிஞ்சினது ஒரே ஒரு தாய்தான். நான் வேலைக்கு வந்ததுலேருந்து அது காய்க்கவே இல்ல. நேத்து அண்ணாந்து பாத்தா, கிளை கொள்ளாத காய்! சந்தோஷத்துல வயர்லெஸ்ல, "தாய் காய்ச்சிருக்கு!"ன்னு கத்திட்டேன்.

கொரகொர சத்தத்துல டிரைவர் அண்ணன் காதுல "தாய்க்குக் காய்ச்சல்"னு விழுந்திருக்கு. நான் கேம்ப்புக்குத் திரும்புறதுக்குள்ள என் துணிமணியெல்லாம் மூட்டை கட்டி, ரேஞ்சர்கிட்ட லீவும் வாங்கி, ஜீப்பைக் கிளப்பி நிக்குறார். "பயப்படாதம்மா, விடியுறதுக்குள்ள வீட்ல விட்டுடறேன்"ங்குறார். விஷயம் தெரிஞ்சு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே நான் அந்த ஜீப்புல ஒரு நிமிஷம் ஏறி உக்காந்துட்டுத்தான் இறங்கினேன்.

அண்ணன் தபாலுக்கு ஹார்ன் அடிக்குறார், ஓடணும். விதை உலர்த்த உன் பழைய நூல் சேலை ரெண்டு அனுப்பும்மா. விதைக்கு ஒண்ணு போதும், அதைத் துவைச்சு அனுப்பு. இன்னொண்ணைத் துவைக்காதே.

உன் மகள்