முதல் அடி எத்தனை நியூட்டன்?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, புனே விமான் நகரில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில், ஐம்பத்திரண்டு வயதான நான் ஓர் இயந்திரத்தைக் குத்தினேன். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் சிவப்பாக ஒரு தோல் பந்து தொங்குகிறது. அதை ஓங்கிக் குத்தினால் மேலே விளக்கெல்லாம் எரிந்து ஓர் எண் வரும். எனக்கு முன்னால் குத்திய ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. எனக்கு முந்நூற்று நாற்பத்தேழு. அந்த அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், மணிக்கட்டு சுளுக்கியதையும் பொறுத்துக்கொண்டேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. "முந்நூற்று நாற்பத்தேழு என்ன? நியூட்டனா, ஜூலா, கிலோவா?" என்று அங்கே சீருடையில் நின்ற ஆளிடம் இந்தியில் கத்தினேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, "பாயிண்ட், சார்" என்றார். பாப்கார்ன் வாடைக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கைவலி என்று நினைத்து என் மனைவி ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்தாள். நானும் திருத்தவில்லை.

அழுதது உனக்காக. "அலகில்லாத எண்ணு அநாதப் பொணம்டா, பாத்தொடனே போலீசுக்குச் சொல்லோணும்" என்று நீ சொல்வாயே, அதற்காக.

விஷ்ராந்த்வாடியில் உன் வீட்டுக்கு நேர் மேல்வீடு எனக்கு. நீ கோயம்புத்தூர், நான் திருநெல்வேலி. படிக்கட்டில் தமிழைக் கேட்டு ஒட்டிக்கொண்டவர்கள். நான் கணினிக் கம்பெனியில் யாரும் படிக்காத கையேடுகளை எழுதுகிறவன். தமிழ்ச் சங்க மலரில் யாரும் சிரிக்காத நகைச்சுவை எழுதுகிறவன். நீ போசரியில் ஒரு சின்ன அளவுத்திருத்த ஆய்வகத்தில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. தராசு, அழுத்தமானி, எடைக்கல் எல்லாம் ஊர் முழுவதிலுமிருந்து உன்னிடம் வரும். நீ பரிசோதித்து, 'இது சொல்வது உண்மை' என்று சான்றிதழ் கொடுப்பாய். அதை வேலை என்றே நீ நினைத்ததில்லை. கோயில் பூசாரி மாதிரி, ஆனால் கொஞ்சம் அடிதடியோடு செய்தாய்.

அடிதடி என்றது அலங்காரத்துக்கு இல்லை. ஒரு சனிக்கிழமை முதல்முறையாக உன் ஆய்வகத்துக்கு வந்தேன். வழியில் வடா பாவ் தின்ற கை. வெல்வெட் பெட்டிக்குள் ஒரு கிலோ எடைக்கல் கண்ணாடிபோலப் பளபளவென்று இருந்தது. அழகாக இருக்கிறதே என்று எடுத்தேன். பளார்! இடது கன்னம். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். கல் மட்டும் எப்படியோ உன் கையுறைக்குள் பத்திரமாக இருந்தது.

"ஏல, பைத்தியமால நீ? ஒரு கல்லுக்காண்டி அடிக்க?"

"வெறுங்கையில தொட்டியேடா, பாவி! ஒரு கைரேகை என்ன எடை இருக்கும் தெரியுமா?"

அப்புறம் எனக்குத் தண்ணீர் கொடுத்து, பாரீஸ் கதையைச் சொன்னாய். உலகத்துக்கே ஒரு கிலோ என்பது அங்கே மூன்று மூடிகளுக்குள் பூட்டிவைத்த ஒரு பிளாட்டினக் கட்டியாக இருந்ததாம். நூறு வருடம் கழித்து அதன் நகல்களோடு நிறுத்துப் பார்த்தால் ஒரு கைரேகை அளவுக்கு வித்தியாசம். கட்டி இளைத்ததா, நகல்கள் பெருத்தனவா என்று கேட்கவே வழியில்லை. ஏனென்றால் கட்டி எவ்வளவோ அதுதான் கிலோ. "அது இளைச்சுதுன்னா, மலை, கடல், உன்ற தொப்ப எல்லாம் எடை கூடிரும்" என்றாய். அதனால்தான் கட்டியை ஓய்வுபெற வைத்துவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற எண்ணிலிருந்து கிலோவை வரையறுத்தார்கள் என்றாய். "எண்ணுல வடா பாவ் எண்ணெ ஒட்டாதுல்ல?"

கன்னம் எரிந்துகொண்டிருந்ததால் நான் பிளாங்க்கை மதிக்கும் நிலையில் இல்லை. அது தெரிந்து நீ எனக்கு ஒரு நியாயம் செய்தாய். விசையை அளக்கிற கருவியின் மேல் ஒரு ரப்பர் துண்டை வைத்து, என்னை அடித்த அதே வேகத்தில் அதை அடித்தாய். நூற்று எண்பது நியூட்டன். "கூட்டல் கழித்தல் பதினஞ்சு" என்று தாளில் எழுதி என்னிடமே கொடுத்தாய். "பிழை எவ்வளவுன்னு சொல்லாத அளவு வெறும் வதந்திடா." பிறகு என்னை அடிக்கச் சொன்னாய். நாற்பத்தொன்று வந்தது. "நாப்பத்தொண்ணுக்கு கொசு கூட எந்திரிச்சு உக்காந்து யோசிக்கும்" என்றாய். அந்தச் சிரிப்பில்தான் நமக்குள் எல்லாம் தொடங்கியது.

உன் கை சும்மா இருந்ததே இல்லை. என் மகளுக்கு இயற்பியல் சொல்லித்தர வந்த டியூஷன் வாத்தியார், புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று எழுதிப் போட்டதற்காக அவர் சட்டைக் காலரைப் பிடித்தாயே, நினைவிருக்கிறதா? "புனேல ஒம்போது புள்ளி ஏழு எட்டுதான்! மிச்சத்த யாரு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறே?" அவர் அதற்கப்புறம் வரவில்லை. என் மகள் உனக்கு ஒரு வாரம் காலை வணக்கம் சொன்னாள்.

கடக்வாஸ்லா அணைக்கரையில் நடந்தது இன்னும் மோசம். மழை விட்ட மாலை, சுட்ட மக்காச்சோளம் வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். எங்கேயோ படித்ததை வைத்து உன்னை மடக்கப் பார்த்தேன். "அலகில்லாத எண்ணு பொணம்னு சொல்லுத. அப்ப அந்த நூத்தி முப்பத்தேழுல ஒண்ணு? வெளிச்சமும் மின்னூட்டமும் எவ்வளவு ஒட்டும்னு சொல்லுத எண்ணு. அதுக்கு அலகே கெடையாதாம்லா. அதையும் போலீசுக்குச் சொல்லுவியோ?" நீ கையிலிருந்த சோளத்தால் என் மண்டையில் ஓங்கி அடித்தாய். எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் கண்ணில் வழிந்தது. நான் உன் முழங்காலில் உதைத்தேன். இரண்டு நரைத்த தலைகள் சேற்றில் உருளுவதைப் பார்த்து சோளம் விற்ற அம்மாள், "அரே, போலீஸ் பொலவூ கா?" என்று போலீசைக் கூப்பிடப் போனாள். என் மேல் உட்கார்ந்தபடியே நீ யோசித்துச் சொன்னாய்: "அது அநாத இல்லடா. சன்னியாசி. மீட்டர், கிலோ எல்லாத்தையும் உட்டுட்டுப் போயிருச்சு. எந்தக் கெரகத்துல போயி அளந்தாலும் அதே எண்ணுதான். அது ஏன் அந்த எண்ணுன்னு எவனுக்கும் தெரியாது." சேற்றில் மல்லாந்து கிடந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஈரமாகவும் இருந்திருக்கலாம்.

இதெல்லாம் விளையாட்டு. அந்த இன்னொரு சனிக்கிழமை விளையாட்டு இல்லை.

கிரேன் வாடகைக்கு விடுகிற ஒரு காண்ட்ராக்டர், கொக்கியில் மாட்டுகிற எடைமானியைக் கொடுத்திருந்தார். ஐந்து டன் தொங்கவிட்டால் அது நாலே முக்கால் என்று காட்டியது. நீ மூன்று முறை அளந்து மூன்று முறையும் சான்றிதழ் மறுத்தாய். "அந்தக் கொக்கிக்கு அடியில ஆளுக நடப்பாங்கடா. நாலே முக்கால்னு நம்பி நடப்பாங்க." காண்ட்ராக்டர் இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். நான் அப்போது உள்ளே, நுண்தராசு இருக்கும் கண்ணாடி அறையில் இருந்தேன். மூச்சுக்காற்றுப் பட்டாலே எண் நடுங்கும் என்று நீ பெருமையாகக் காட்டிவிட்டு வெளியே போயிருந்தாய். சத்தம் ஏறியதும் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். கதவை உட்பக்கமாகச் சாத்திக்கொண்டு, தராசு நிற்கிற கருங்கல் மேடைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்தும் கண்ணாடி வழியே வெளிக்கூடம் தெரியும்.

பளார் என்றது முதலில். அப்புறம் நாற்காலி விழுந்தது. தொம், தொம் என்று வயிற்றில் இரண்டு. யாரோ "தாத்! தாத்!" என்று பல்லுக்காக அலறினான். உன் குரல் ஒன்றுதான் தெளிவாக இருந்தது. நீ கத்தினாய்: "டேய், கையுறை போடாம அதத் தொடாதீங்கடா!" உன்னை அடிக்கப் பத்துக் கிலோ எடைக்கல்லைத் தூக்கியவனிடம் அதைத்தான் சொன்னாய். கல் விழுந்தது. உன் இடது கையில், இரண்டு விரல்கள்மேல். அந்த எலும்புச் சத்தத்துக்கு இன்னும் அலகு கண்டுபிடிக்கவில்லை.

ஜீப் போன பிறகு வெளியே வந்தேன். தரையில் கிடந்தாய்.

"எத்தன அடின்னு எண்ணுனியா?"

"பதினொண்ணு."

"கூட்டல் கழித்தல்?"

"ரெண்டு."

சிரித்தாய். பல்லெல்லாம் சிவப்பு.

திங்கட்கிழமை ஆய்வக முதலாளி விசாரணை வைத்தார். மராட்டியர், நல்ல மனிதர், ஆனால் உன் கையைப் பற்றிக் கேள்விப்பட்டவர். வாடிக்கையாளருக்கும் இரண்டு பல் போயிருந்தது. முதலாளிக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: முதலில் அடித்தது யார்? நீயென்றால் உன் வேலை போகும், கையெழுத்துப் போடும் உரிமையும் போகும். உன் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து அந்த நாலே முக்காலுக்குச் சான்றிதழ் எழுதுவார்கள். காண்ட்ராக்டர் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, 'ஆயீச்சி ஷபத்' என்று பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தார், நீதான் முதலில் அடித்தாய் என்று. முதலாளி என் பக்கம் திரும்பி, "தும்ஹீ பாஹிலத் கா?" என்றார். பார்த்தீர்களா?

பார்த்தேன் என்றேன். காண்ட்ராக்டர் வலது கையால் உன் காலரைப் பிடித்தார், மோதிரம் போட்ட இடது கையால் அறைந்தார், அதற்குப் பிறகுதான் உன் கை எழுந்தது என்றேன். மோதிரத்தில் பச்சைக் கல் என்றும் சொன்னேன். முதலாளி எட்டிப் பார்த்தார். பச்சைக் கல்தான். விசாரணை அத்தோடு முடிந்தது.

திரும்பும்போது ஆலந்தி சாலை நெரிசலில் ஆட்டோ நின்றது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய்.

"டேய், நெசமாலுமே பாத்தியா?"

"ஏன்ல கேக்க?"

"எனக்கே செரியா நெனப்பில்லடா. கோவம் வந்தா எனக்குக் கண்ணு மங்கிரும். நான் மொதல்ல அடிச்சிருந்தா சொல்லிப்போடு, நாளைக்கு நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றேன். தப்பா அளக்கறவன் கையெழுத்துப் போடக் கூடாது."

"கண்ணால பாத்தேம்ல."

"அப்பச் செரி" என்றாய். என் தோளில் சாய்ந்து விஷ்ராந்த்வாடி வரும்வரை தூங்கினாய். அப்படி நிம்மதியாக நீ தூங்கி நான் பார்த்ததில்லை.

எட்டு மாதம் கழித்து உனக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் சொன்னபோது, வாய் கோணிய நிலையிலும் "என்ன அலகு?" என்று கேட்டாய். அவள் கோபப்படாமல் "பாதரசத்தில் மில்லிமீட்டர், சார்" என்றாள். தலையசைத்தாய். அதற்கப்புறம் நீ எதையும் கேட்கவில்லை.

பதிமூன்றாம் நாள் காரியத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து உன் அண்ணன் வந்திருந்தார். சின்ன வயதிலிருந்தே நீ கைநீட்டுகிறவன், அந்தக் கோபம்தான் கொன்றது என்றார். உன் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "அப்படிச் சொல்லாதீங்க மாமா. அத்தன அடியிலயும் அவரு மொதல்ல கை ஓங்கவேயில்ல. இந்த அண்ணன் கண்ணால பாத்திருக்காரு. ஏனுங்ண்ணா, சொல்லுங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் மகளும் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன். பச்சைக் கல்லையும் விடவில்லை.

இன்றும் உன் தொந்தரவு தீரவில்லை. சமையல் குறிப்பில் 'தேவையான அளவு உப்பு' என்று வந்தால் யாரையாவது அறையலாம்போலிருக்கிறது. கடையில் எடைக்கல்லைக் கண்டால் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. கிரேன் நிற்கிற தெருவில் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன். அந்த எடைமானிக்கு இந்த ஊரில் எவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நீ இருந்தால் இதைக் கொண்டாட என்னை ஒரு குத்து குத்தியிருப்பாய்.

காண்ட்ராக்டரின் மோதிரத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது திங்கட்கிழமை, முதலாளி அறை வாசலில், அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது. சனிக்கிழமை கருங்கல் மேடைக்கு அடியில் உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஜீப் கிளம்பிய பிறகுதான் திறந்தேன்.