ஒரு கோடும் விடாமல் எழுதிய மனு

தேங்காப்பட்டணம்
12.7.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் நலம். உங்கள் நலத்துக்காக ஐந்து வேளையும் கையேந்துகிறோம்.

ஜெயிலில் உங்களுக்குப் போனில் தருகிற மூன்று நிமிடமும் என் அழுகையிலேயே தீர்ந்துபோகிறது. அதனால்தான் கடிதம். கல்ஃபிலேயே வேலை பார்க்கிற மார்த்தாண்டத்துக்காரர் ஜேசுதாஸ் அண்ணன் மாதம் ஒருமுறை ஜெயிலுக்கு வந்து நம் ஊர்க்காரர்களைப் பார்க்கிறாராம். அவரிடம் சேர்த்தால் கையிலேயே தந்துவிடுவார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. எல்லை தாண்டிப் போய் மீன் பிடிக்கச் சொன்னது போட்டு முதலாளி. 'என் இஷ்டத்துக்கு நானே போட்டை ஓட்டிப் போனேன்' என்ற காகிதத்தில் நீங்கள் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? இன்னும் நான்கு வருஷம் என்று மாமியிடம் எந்த வாயால் சொல்வேன்?

உங்கள்
ஷஹ்லா


சிறை, மூன்றாம் கட்டடம்
19.8.2023

பிரியமுள்ள ஷஹ்லாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கோபம் இல்லை. வெட்கம்தான் இருக்கிறது.

போலீஸ்காரர் காகிதத்தை நீட்டி, அரபி வாசிக்கத் தெரியுமா என்று சைகையில் கேட்டார். நான் சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதி முடித்தவன். தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஓதுகிற ராகத்திலேயே, தட்டுத் தடுமாறி, நாலு வரி வாசித்தும் காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று குறித்துவிட்டு, 'தானே படித்து அறிந்து கையொப்பமிட்டார்' என்று எழுதிக்கொண்டார்.

நாம் ஓதுவது வாயால் மட்டும், அர்த்தம் தெரியாமல் என்று அந்த மனுஷருக்கு எப்படிப் புரியவைப்பேன்? எனக்கு அர்த்தம் தெரிந்த அரபி வலை, மீன், சோறு, தூக்கம், அவ்வளவுதான்.

உம்மாவிடம் இரண்டு வருஷம் என்று சொல். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

ஜாஸிம்


தேங்காப்பட்டணம்
10.12.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சிரிக்கக் கூடாது, நான் அரபி படிக்கிறேன். அர்த்தத்தோடு. மதரசாவில் மத்தியானம் பெண்களுக்கு வகுப்பு நடக்கிறது. சொல்லித்தருகிற ஜாஸ்மிக்கு வயது இருபத்திரண்டு. கேரளத்தில் போய் அரபி பட்டம் வாங்கி வந்தவள். நாற்பது வயதில் நான் அவளிடம் அடி வாங்காததுதான் குறை.

எழுத்துக்கு மேலும் கீழும் போடுகிற சின்னக் கோடுகளில், சொல்லின் கடைசி எழுத்தில் வருவதுதான் எல்லாமே என்கிறாள். 'உ' சத்தம் வந்தால் செய்தவன். 'அ' வந்தால் யாரைச் செய்தானோ அவன். 'இ' வந்தால் யாருடையது, எதிலே, எதன் மேலே என்றெல்லாம். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

"இத்தா, நாம 'மீனை', 'மீனுக்கு'ன்னு வால் வச்சுத்தான பேசுகோம்? அவங்களுக்கு அந்த வால் ஒரு கோடு. அம்புட்டுதான்" என்றாள்.

மூன்று வாரமாக மீன் கழுவும்போதுகூட உ, அ, இ என்று முணுமுணுத்தேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மாமி பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார்.

நோன்புக்கு முன்னால் கைதிகளை மன்னித்து விடுகிற குழு அங்கே கூடுமாம். உங்களுக்கு அரபி தெரியாது, தெரியாமல் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நானே மனு எழுதப் போகிறேன்.

ஷஹ்லா


சிறை
14.1.2024

ஷஹ்லாவுக்கு,

இங்கே பேச்சில் யாரும் அந்தக் கடைசிச் சத்தத்தைச் சொல்வதே இல்லை. காவல்காரனிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

ஜேசுதாஸ் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் மனுவை டைப் அடித்துத் தருவாராம். அவரிடமே விட்டுவிடேன். உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்குக் காகிதம் என்றாலே பயமாக இருக்கிறது.

ஜாஸிம்


தேங்காப்பட்டணம்
6.2.2024

அன்புள்ள மச்சானுக்கு,

டைப் அடித்த மனு ஆயிரம் வரும். பெண்டாட்டி கையால் எழுதியது எத்தனை வரும்? பார்க்கிறவர்களுக்கு மனசு இளகாதா?

ஒன்பது தடவை எழுதிக் கிழித்தேன். பத்தாவதை ஜேசுதாஸ் அண்ணனுக்கு அனுப்பியாயிற்று. "பெரியவங்களுக்கு எழுதும்போ கோடெல்லாம் போட மாட்டாங்க இத்தா, அவங்களே புரிஞ்சுக்கிடுவாங்க" என்று ஜாஸ்மி எவ்வளவோ சொன்னாள். நான் கேட்கவில்லை. ஒரு கோடும் விடாமல் போட்டிருக்கிறேன். 'முதலாளி என் கணவரை அனுப்பினார்' என்பதை ஒருவரும் மாற்றி வாசித்துவிடக் கூடாது. அனுப்பியது யார், போனது யார் என்பதில்தானே நம் வாழ்க்கை இருக்கிறது.

பெருநாளுக்கு வந்துவிடுவீர்கள். உங்கள் சட்டைகளைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

ஷஹ்லா


சிறை
21.4.2024

பிரியமுள்ள ஷஹ்லாவுக்கு,

மனு தள்ளுபடியாகிவிட்டது. காரணம் எனக்குத் தெரியவில்லை. உன் மேல் ஒரு குறையும் இல்லை, அதை மட்டும் நம்பு. மூன்று வருஷம் ஓடிவிடும். உம்மாவைப் பார்த்துக்கொள்.

ஜாஸிம்


தேங்காப்பட்டணம்
9.6.2024

மச்சானுக்கு,

உத்தரவின் நகலை ஜேசுதாஸ் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் ஒரு கோடுகூட இல்லை. ஜாஸ்மியைக் கூப்பிடாமல் தனியாக உட்கார்ந்து நான்கு நாள் வாசித்தேன்.

ஐந்தாவது வரியில் இப்படி இருக்கிறது: 'மனுவைக் கைதியின் கையில் கொடுத்தோம். ஓரிடத்திலும் தடுமாறாமல் வாசித்தார். மனைவியே இத்தனை இலக்கணமாக எழுதும்போது, கணவருக்கு அரபி தெரியாது என்பதை ஏற்க இயலாது.'

நான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பத் திரும்ப வாசித்தேன். தப்பே இல்லை. அந்த டைப் அடிக்கிறவரிடம் விட்டிருந்தால் நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். என் ஆங்காரம் உங்களை உள்ளே வைத்துவிட்டது. வகுப்பை நிறுத்திவிட்டேன். மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காரணம் தெரியாது என்று ஏன் எழுதினீர்கள்? கையில் கொடுத்ததும் ஏன் வாசித்தீர்கள் மச்சான்? ஒருமுறை பட்டது போதாதா?

ஷஹ்லா


சிறை
30.7.2024

ஷஹ்லாவுக்கு,

முந்தின மாதமே ஜேசுதாஸ் அண்ணன் படித்துப் படித்துச் சொன்னார்: "மக்கா, எதைக் காட்டினாலும் தெரியாதுன்னு தலையாட்டணும், கேட்டியா?" சரி என்றுதான் போனேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பார்த்தால் உன் கையெழுத்து. அரபியாக இருந்தாலும் தெரிந்துவிட்டது, நீ எழுதும்போது வரி கொஞ்சம் மேலே ஏறும். குர்ஆனில் இருப்பதுபோல எல்லாக் கோடும் இருந்தது. கோடு இருந்தால் என் வாய் தானாகப் போகும். முதல் சொல்லை வாசித்தேன், பிறகு நிறுத்த முடியவில்லை. கடைசியில் உன் பெயர் வந்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அதனால் மறைத்தேன். உன் எழுத்தில் குற்றம் இல்லை, என் வாய்தான்.

உன் மனுவின் நகலை எனக்கே கொடுத்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் அஸர் தொழுத பிறகு ஒருமுறை வாசிக்கிறேன், மெதுவாக, ஒரு கோடும் விடாமல். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. உன் பெயரும் என் பெயரும் மட்டும் தெரிகிறது.

வகுப்புக்குப் போ. எனக்குத் தமிழில் எழுது ஷஹ்லா, என்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறாய்?

ஜாஸிம்