கஸ்தூரி பார்க்காத கடைசிக் காட்சி

என் கஸ்தூரி,

கண்ணே என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதினால் நீ சிரிப்பாய். "இன்னாடி, செத்ததுக்கு அப்புறம்தான் பாசம் பொத்துக்கினு வருதா?" என்று கேட்பாய். கேட்டுக்கொள். ஒரு வருஷமாகச் சண்டை போட ஆளில்லாமல் என் வாய் சும்மா கிடக்கிறது. இன்று உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு உன் முதல் வருஷ நினைவு நாள். உங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் புயலுக்கு ஒதுங்கக் கட்டிவைத்திருக்கிறார்களே, அந்தக் கட்டடத்தில்தான் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் நம் படத்தைப் போட்டோம். ஆமாம், அதேதான். மலை பங்களாவுக்குப் புது மருமகளாக ஒருத்தி வருவாளே, சாயங்காலமானால் ஆளில்லாத மாடியில் யாரோ குழாயைத் திறக்கிற சத்தம் கேட்குமே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்.

மீஞ்சூர் தியேட்டரில் நாம் பார்த்தபோதே அது பழைய படம். நீ குப்பத்துக்கும் நான் திருப்பாலைவனத்துக்கும் போக ஒரே கடைசி பஸ். அந்தப் பெண் மாடிப்படியில் கால் வைக்கிற நேரம் பார்த்து நாம் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. குழாயைத் திறந்தது யார் என்று தெரியாமலேயே உனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அவன் வேலைக்கும் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் உன் மகன் சேகர் போனை நீட்டினானே, ஞாபகம் இருக்கிறதா? "மா, இதுல முழுசா கீது. கடைசிய மட்டும் பாக்கறியா?" என்றான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "இத்த தனியா பாக்கக் கூடாதுடா. நாலு பேரோட குந்திக்கினு பயப்படணும்." அந்த நாலு பேரைச் சேர்ப்பதற்குள் நீ போய்விட்டாய். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். சேகருக்கு இஷ்டமே இல்லை. "வோணாம் சித்தி. இப்போ பசங்க சின்ன வீடியோவையே தள்ளி வுட்டுத்தான் பாக்கறானுங்க. அம்மா பேர சொல்லி படம் போட்டு, பாதியில எல்லாம் எழுந்து போய்ட்டா என்னால தாங்க முடியாது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. "அவதான் பாக்கல, ஊராவது பாக்கட்டும்டா" என்று அவன் வாயை அடைத்தேன். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான்.

கடலுக்குப் போகாத தடைக்காலம், அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. கல்யாண வீடியோ எடுப்பவரிடம் புரொஜெக்டர் வாங்கினோம். பகல் வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டினோம். முதல் அரை மணி நேரம் என் மானம் கப்பலேறியது. "ஹீரோ கார்லேர்ந்து எறங்கறதுக்குள்ள வெடிஞ்சிரும்பா" என்றான் ஒருத்தன். மாடியில் குழாய்ச் சத்தம் கேட்டதும், "மாடிலயே தண்ணி வருதா? நம்ம தெருவுக்கும் வர சொல்லுடா!" என்று இன்னொருத்தன். ஒரே சிரிப்பு. நான் திரும்பி முறைத்துப் பார்த்தேன். யார் சட்டை செய்தார்கள்? சேகர் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் நின்றான்.

எப்போது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி குழாய்ச் சத்தம் வந்தபோது சிரிப்பு பாதியாகியிருந்தது. அதற்கடுத்த முறை யாரும் சிரிக்கவில்லை. இருட்டில் அங்கங்கே மின்னிக்கொண்டிருந்த போன் வெளிச்சங்கள் எப்போது அணைந்தன என்றும் நான் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையில் நானும் இல்லை. அந்த மருமகள் விளக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள். நாம் எழுந்து ஓடிய இடம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

படம் தொலைந்தது என்றே நினைத்தேன். ஃபேன் நின்றுவிட்டது. வெக்கையில் உடம்பு வெந்தது. கதவைச் சும்மா சாத்தித்தான் வைத்திருந்தோம், பூட்டவில்லை. ஆனால் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை, கஸ்தூரி. தண்ணீர் வருதா என்று கேட்டுச் சிரித்தானே, அவன்தான் போனை எடுத்தான். "நெட்டுல இருக்குது. யாருன்னு பாத்து சொல்லட்டா?"

"சொன்னே, பல்லு இருக்காது!" என்று ஒரு பெண் கத்தினாள். "போன உள்ள வைடா டேய்!" என்று நாலா பக்கமும் சத்தம். அவன் பயந்துபோய் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அப்புறம் இருட்டிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்தது. "சமையக்காரன்தான்பா, அவன் முழியே சரியில்ல." "போடா, மாமியாக்காரிதான்." "இன்னாத்துக்கு அந்தத் தோட்டக்காரன் சாப்புடவே மாட்றான்? அத்த யோசிச்சியா?" பொழுதன்னைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள், வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, தெரியாத ஒன்றைத் தெரியாமலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை என்று நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வலையை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களின் பிள்ளைகள் இவர்கள். எப்படி மறந்தேன்? படம் எடுத்தவர்கள் எல்லாரும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் கோத்துவைத்த பயம் மட்டும் இத்தனை வருஷம் கழித்து, முகம் தெரியாத ஒரு குப்பத்தையே மூச்சுப் பிடித்து உட்காரவைக்கிறது. இது என்ன விந்தையடி?

கரண்ட் வந்தது. அவள் மேலே ஏறினாள். கதவு திறந்தது. கூட்டம் மொத்தமும் அலறிய அலறலில், வெளியே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள். உன் பிள்ளையும் அலறினான். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். "அம்மா இத்தத்தான கேட்டுச்சு சித்தி" என்றான். நானும் அழுதேன். வேறென்ன செய்ய?

இன்னொன்றும் கேள். ஓடிவந்தவர்கள், "யார்டா அது? இன்னாடா நடந்துச்சு?" என்று துளைத்தெடுத்தார்கள். எல்லாவற்றையும் ஸ்டேட்டஸில் போடுகிற இந்த வாண்டுகள் வாயே திறக்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழமை மறுபடி போடச் சொல்லிக்கீறோம். வந்து குந்திப் பாரு" என்றார்கள். சேகரும் புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறான்.

நீ யாரைச் சந்தேகப்பட்டாய்? அன்று பஸ்ஸில் எவ்வளவு கேட்டும் சொல்லாமல் நமட்டுச் சிரிப்பு சிரித்தாய். இப்போது எனக்கு முடிவு தெரியும், உனக்குத் தெரியாது. நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

எழுதமாட்டேன். நாலு பேரோடு பார்க்க வேண்டும் என்றாய். அங்கே மூன்று பேரைச் சேர்த்து வை. நாலாவதாக நான் வருவேன். நீ பார்த்து முடிக்கிறவரை, சத்தியமாக, வாயைத் திறக்கமாட்டேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
வசந்தா
திருப்பாலைவனம்