ஓட்டியது யார் என்று கேட்டவளுக்கு

அக்கா,

இன்று காலை மில்லில் மறுபடியும் நெல் அவிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேற்கிலிருந்து காற்று. பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன், அந்தப் புழுங்கல் வாசனை உள்ளே வந்தது. "டீச்சர், சோறு வாசனை வருது" என்று ஒரு பிள்ளை மூக்கைத் தூக்கியது. எல்லோருக்கும் பசியைக் கிளப்புகிற வாசனைதான். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மில்காரர் செத்த பிறகு பூட்டிக் கிடந்ததை இப்போது அவர் மகன் திறந்திருக்கிறான்.

நீ போய்ச்சேர்ந்து இந்த மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. நல்லதோ கெட்டதோ உன்னிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஏரிக்கரைக் குப்பத்துக்கு வந்தவர்கள் நாம். நீ வந்து சில வருஷம் கழித்து நான் வந்தேன். பத்தாவது படித்தவள் மீன் கூடை தூக்குவாளா என்று குப்பத்தில் சிரித்தார்கள். நீதான் சும்மாட்டைச் சுற்றி என் தலையில் வைத்து, "படிச்சவ தலையிலயும் கூடை நிக்கும், வா" என்று கூட்டிக்கொண்டு போனாய். மீன் கூடையை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்கு நடைதான். நீ முன்னால், நான் பின்னால். பேச்சு சுவாரசியத்தில் நான் தார் ரோட்டில் கால் வைத்துவிட்டால் திரும்பிப் பார்க்காமலே உனக்குத் தெரிந்துவிடும். "தாரு காருக்காரங்களுது, மண்ணு நம்மளுது. மண்ணுலயே நட" என்பாய்.

அன்றைக்கும் மண்ணில்தான் நடந்தோம். அதை நான் கோர்ட்டில் சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். மீனை விற்றுவிட்டு வெயில் தாழத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதகுப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து கார் வருகிற சத்தம் கேட்டது. நான் ஒதுங்கினேன். நீ அதற்கு முன்பே ஒதுங்கித்தான் இருந்தாய். அந்த வெள்ளைக் கார் ரோட்டை விட்டு இறங்கி வந்து உன்னை இடித்துப் பனைமரத்தடியில் தள்ளியது. உன் கூடையிலிருந்த பூசணிக்காய் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. மகளுக்குப் பாவாடை தைக்க நீ வாங்கிய சிவப்புச் சீட்டித் துணி பிரிந்து ரோட்டின் குறுக்கே கிடந்தது. ரத்தத்தைவிட முதலில் என் கண்ணில் பட்டது அந்தத் துணிதான்.

ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மில்காரர் இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். முதலில் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் உன்னைப் பார்த்தார். "நடுரோட்ல நடந்தா இன்னா பண்றது" என்றார், என்னிடமும் இல்லை, உன்னிடமும் இல்லை. ஏறி உட்கார்ந்தார், போய்விட்டார். நான் அழுதுகொண்டு உன் தலையை மடியில் எடுத்து வைத்தேன். உன் கால் திரும்பியிருந்த விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அழுவாத. வண்டில அவரு ஒண்டியாத்தான் வந்தாரு. பாத்தியா? நல்லா ஞாபகம் வச்சிக்கோ" என்றாய்.

மாட்டு வண்டியில் கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து மெட்ராஸ் பெரியாஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நீ கட்டையை ஊன்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புவதற்குள் போலீஸ் கேஸ் முடிந்தே போயிருந்தது. மில்காரரின் டிரைவர் முனுசாமி, தான்தான் ஓட்டியதாகப் பொன்னேரி கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னவர்கள் எல்லோரும் உன் காலைப் பார்த்துப் பேசினார்கள். நீ ஒரே கேள்விதான் கேட்டாய். "ஓட்டனது யாருன்னு எழுதிக்கிறாங்க?" முனுசாமி என்றார்கள். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துத்தான் இது இதோடு முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

பொன்னேரியில் எந்த வக்கீலும் கேஸை எடுக்கவில்லை. மில்காரர் எல்லோருக்கும் வேண்டியவர். கடைசியில் ரயில் மாறித் திருவள்ளூர் போய் ஒரு வக்கீலைப் பிடித்தோம். பொறுமையாகக் கேட்டார். அந்தக் கோர்ட்டில் டிரைவர் ஒப்புக்கொண்டது இந்த நஷ்டஈட்டு வழக்கைக் கட்டுப்படுத்தாது என்று அவர் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் பெரிய விஷயம்.

"அம்மா, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. டிரைவர்தான் ஓட்டினான்னு நீங்களும் ஒத்துக்கினா இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துடும், தலைவலி இல்ல. மில்காரரே ஓட்டினாருன்னு சொன்னா, அவருக்கு லைசென்ஸ் கிடையாது. கம்பெனி கைய விரிச்சிடும். அப்புறம் அவருகிட்ட இருந்துதான் நீங்க வசூல் பண்ணணும். வருஷக்கணக்கா இழுப்பாரு. வராமலே கூடப் போவலாம்."

உன் புருஷன், என் மூத்தார், எழுந்தே நின்றுவிட்டார். "யாரு குடுத்தா இன்னா சார், டப்பு வந்தா போதும். கம்பெனியே குடுக்கட்டும்."

நீ வக்கீலைப் பார்த்துக் கேட்டாய். "கம்பெனி யாரு சார்? அவங்களா என்னை இடிச்சாங்க?"

"அதுக்கில்லம்மா..."

"இடிச்சவரு ஊட்ல சுகமா உக்காந்துகினு இருப்பாரு, எவனோ பணம் கட்டுவான். நான் வாங்கிக்கினு கும்புடு போட்டுட்டுப் போவணும். அப்படித்தான?"

மூத்தார் கத்தினார். "அவரு பணம்னா உன் கால் வந்துடுமா?"

"வராது. அதனாலதான் அவருதும் எதுனா போவணும்."

ரயிலில் திரும்பி வரும்போது மூத்தார் எதிர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். நீயும் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு உன்மேல் பயமாகவும் இருந்தது, உன் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும்போலவும் இருந்தது.

வழக்குப் போட்டது தெரிந்ததும் மில்காரர் தன் வயல் வரப்பில் முள் வெட்டிப் போட்டார். குப்பத்திலிருந்து ரோட்டுக்குப் போக எல்லோரும் நடக்கிற வரப்பு அது. சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. குப்பத்துப் பெண்கள் உன்னைத்தான் திட்டினார்கள். ஒரு காலோடு அந்தச் சுற்று வழியில் நீ நடந்தாய். முள்ளை எடுக்கச் சொல்லி யாரிடமும் போய் நிற்கவில்லை.

நம் பக்கம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா, வழக்கும் அங்கேதான். அவ்வளவு தூரம் போய்ப் போய் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பினோம். விசாரணை நாள் வந்தது. மில்காரர் கூண்டில் ஏறி, சாமி சாட்சியாகச் சத்தியம் பண்ணிவிட்டு, "அன்னிக்கு நான் ஊட்டை விட்டே வெளிய வரலைங்க" என்றார். நம் பக்கம் திரும்பவே இல்லை. நீ கட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் முனுசாமி. அவனைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தது இன்சூரன்ஸ் வக்கீல். உனக்குப் பணம் கிடைக்காமல் பண்ண வந்த ஆள். மில்காரர்தான் ஓட்டினார் என்று ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி தப்பித்துக்கொள்ளும். நீ என் காதருகே, "இவரு நமக்காகக் கேக்கல. ஆனா நல்லா கேக்கறாரு" என்றாய்.

அவர் சத்தம் போடவில்லை. தோழனைப்போல விசாரித்தார். "நீ இறங்கிப் பாத்தியாப்பா?"

"பாத்தேங்க."

"அந்தம்மாவோட கூடை என்னாச்சு?"

"கவுந்து கெடந்துச்சுங்க."

"கூடையில இருந்தது?"

முனுசாமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மீனுங்க. ரோடெல்லாம் மீனு கொட்டிக்கிடந்துச்சு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நம் சாட்சி அவன் உள்ளே வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. பூசணிக்காயையும் சிவப்புத் துணியையும் நான் சொல்லியிருந்தேன். விற்றுவிட்டுத் திரும்புகிற நேரம் என்பது போலீஸ் எழுதியதிலேயே இருந்தது. மீன்காரி கூடை என்றால் மீன்தானே இருக்கும் என்று அவன் நினைத்துவிட்டான். வக்கீல் அதை மெதுவாக எடுத்துச் சொல்லி, "நீ அங்க இருந்தா பூசணிக்காய் எப்படிப்பா மீனாச்சு?" என்றார். முனுசாமி மில்காரரைப் பார்த்தான். மில்காரர் தரையைப் பார்த்தார். ஜட்ஜ், "இங்கே பார்த்துச் சொல்லு" என்றார்.

"மொதலாளி சொல்லச் சொன்னாருங்க" என்றான் முனுசாமி. "நான் அன்னிக்கு சூளூர்ப்பேட்டைல கண்ணாலத்துக்குப் போயிருந்தேன்."

தீர்ப்பு வந்தது. கம்பெனி விலகிக்கொண்டது. பணத்தை மில்காரரே கட்ட வேண்டும். அவர் மேலே அப்பீல் போனார், அங்கேயும் நிற்கவில்லை. பிறகும் கட்டாமல் இழுத்தடித்தார். கடைசியில் ஜப்தி உத்தரவோடு கோர்ட் அமீனா வந்தார்.

அன்று நீ வியாபாரத்துக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து மில்காரர் வீட்டெதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். காரை எடுத்துப் போகக்கூடாதென்று பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைத்திருந்தார். அமீனா சளைக்கவில்லை, பக்கத்து வயலிலிருந்து ஒரு ஜோடி மாட்டை ஓட்டி வரச் சொன்னார். உன்னை இடித்த கார், மாட்டுக்குப் பின்னால் ஆடி ஆடி, தெருவே வேடிக்கை பார்க்க, தார் ரோட்டில் ஏறியது. மில்காரர் வெளியே வரவில்லை. ஜன்னல் மட்டும் விரற்கடை திறந்திருந்தது. நீ எழுந்து அந்த ஜன்னலைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாய்.

"மொதலாளி, இனிமே மண்ணுலயே நடங்க. தாரு காருக்காரங்களுது."

அதோடு விட்டாயா? மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றவள், கூடையை ஸ்டேஷனுக்குப் போகிற பாதைக்கு மாற்றினாய். கார் இல்லாத மில்காரர் ரயிலுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். புடவையைக் கொஞ்சம் தூக்கி, வெட்டிய காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய். அவர் எதிர்ப்பக்கம் நடப்பார். நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, "சாபம் ஒண்ணும் உடல. சும்மா உக்காந்துகினு கீறேன்" என்றாய்.

அவர் படுக்கையில் விழுந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி நம் வீடு தேடி வந்தார். பாய் போட்டாய், தண்ணீர் கொடுத்தாய். அந்த அம்மா உன் கையைப் பிடித்து அழுதார். "ஒரு வாட்டி வந்து மன்னிச்சேன்னு சொல்லும்மா. அவருக்கு உசுரு அடங்கமாட்டேங்குது."

"நீங்க நல்லவங்க. உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாய். "அவரு பத்து பேரு முன்னாடி பொய்ச்சத்தியம் பண்ணாரு. பத்து பேரு முன்னாடி உண்மைய சொல்லட்டும், வரேன். ஊட்டுக்குள்ள, காதுல சொல்றதுக்கு நான் வரல."

அவர் சொல்லவில்லை. நீ போகவில்லை. அந்த வாரத்தில் அவர் போய்விட்டார். கல் நெஞ்சுக்காரி என்று குப்பமே பேசியது. என் வீட்டுக்காரரும் சொன்னார். நீ அன்று மதியம் எறால் தொக்கு வைத்தாய். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டாய். எனக்கும் ஒரு தட்டு வைத்தாய். சாவு மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மறைக்க மாட்டேன் அக்கா, எனக்கும் ருசியாகத்தான் இருந்தது.

உன் மகள் போன வாரம் பிள்ளையோடு வந்திருந்தாள். மில்காரர் பேச்சு வந்தபோது, "செத்தவரு மேல இன்னும் இன்னா சித்தி கோவம்" என்றாள். அவளுக்கு நல்ல மனசு, உன்னைப்போல இல்லை. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். கோபம் ஆறிவிட்டது என்று அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வருகிறது. மண் அடிக்கிற லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அடிபடுகிறவர்களும் நடந்து போகிறவர்கள்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். காண்ட்ராக்டர் ஆள், "ஏம்மா கேஸு கோர்ட்டுன்னு பேஜாரு" என்று பேசி முடிக்கப் பார்ப்பான். அவன் எதிரிலேயே நான் அந்தப் பெண்ணிடம் கேட்பேன், "ஓட்டனது யாரு? நீ பாத்தியா?" அந்தக் கேள்வி வந்ததும் அவன் குரல் மாறுவதைக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது.

மண் ஓரமாகத்தான் நடக்கிறேன். ஆனால் நீ நடந்ததுபோல முன்னால் பார்த்து நடப்பதில்லை. ஒவ்வொரு லாரி வரும்போதும் நின்று, நிமிர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் முகத்தைப் பார்க்கிறேன். மீசை, தழும்பு, பல், எல்லாம். சிலர் கையசைக்கிறார்கள், வழி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. நான் பதிலுக்குக் கையசைப்பதில்லை. அந்த முகத்தை மனசில் வைத்துக்கொள்கிறேன்.