புருஸ்னிகாவுக்கு இன்னொரு சாட்சி

தங்கச்சிக்கு,

அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு இந்த முகவரிக்கு நான் எழுதியதில்லை. இப்போதும் ஒரு பழத்தின் பெயருக்காகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வோலக்தாவிலிருந்து தைசியா என்றொரு பெண் வந்தாள். வட்டாரச் சொற்களைச் சேர்த்து அகராதி போடுகிறார்களாம். புருஸ்னிகாப் பழத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டாள். காட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு கிளையை விரலிடுக்கில் பிடித்து, ஒரே இழுப்பில் பழங்களை உருவிக் காட்டினேன்.

"இப்படி உருவுறதை எங்க வீட்ல 'புருஸ்னுத்'னு சொல்லுவோம். அதுலேருந்து வந்த பேரு."

அவள் துள்ளினாள். "இந்தச் சொல்லைத் தேடித்தான் அத்தை ஊர் ஊரா அலையுறேன்! இன்னொருத்தரும் சொன்னாத்தான் அகராதியில ஏத்துவாங்க. வேற யாரு இருக்கா?"

இப்போது ஊரில் இருப்பவர்கள் கோடைக்கு மட்டும் வருகிறவர்கள். "தங்கச்சி இருக்கா, முர்மான்ஸ்க்ல" என்றேன்.

"அப்போ இப்பவே போன் போடுங்களேன்!"

அங்கே லைன் கிடைக்காது என்றேன். "அவ்வளவு பெரிய ஊர்லயா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டாள்.

நீ இன்னும் அந்தச் சொல்லைச் சொல்கிறாயா? ஒரு வரி போதும். அவளுக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுது.

அக்கா