மஞ்சள் சட்டையைப் பார்த்துக் கரை சேர்ந்த கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், படகும் சுகம், படகின் அடிப்பலகையில் மட்டும் கொஞ்சம் சிராய்ப்பு. நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு இதமாக உடுத்தி, நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்லும் முன்பே உன் அம்மா பிடுங்கி மீதியைச் சொல்லி முடித்துவிடுகிறாள், அவள் சொல்லும் கதையில் நான் எப்போதும் முட்டாளாகவே வருகிறேன். என் வாயாலேயே நான் முட்டாளான கதையைச் சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும் என்றுதான் இந்தக் கடிதம்.

உன் தாய்மாமன் உனக்குப் போன் செய்து, அப்பா படகைத் தரைதட்ட வைத்துவிட்டார், வயதாகிவிட்டது, இனி சுக்கானைத் தொட விடக்கூடாது என்று வத்தி வைத்ததும், நீ அழுதுகொண்டே கடலுக்குப் போகவே வேண்டாம் என்று சொன்னதும் மனதில் தைத்துவிட்டது. நடந்ததைக் கேள். கடலுக்குள் காற்றாலைகளை நட்ட பிறகு அவற்றுக்கு நடுவே படகு போகக்கூடாது என்று உனக்குத் தெரியும். முன்பெல்லாம் தூரத்திலேயே ஐஸ் பேக்டரிப் புகைக்கூண்டையும் அதன் பின்னால் இருக்கும் மஞ்சள் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாத குறையாக நேரே ஆழத்தில் வந்துவிடுவோம். இப்போது சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்து, கரையை நெருங்கிய பிறகு சாயங்கால மசங்கல் வெளிச்சத்தில் அவசர அவசரமாக அடையாளம் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் நகரத்திலிருந்து ஓர் ஓவியப் பெண் வந்தாள். காற்றாலை வந்த பிறகு கரையில் இருப்பவர்கள் பாடு எப்படி என்று கலையாகச் செய்யப் போகிறாளாம். வீட்டுக்கு ஒரு பழந்துணி வாங்கி, மூங்கிலில் வைத்துத் தைத்து, காற்றாலை இறக்கை மாதிரி ஒன்றைச் செய்து கடற்கரையில் நிறுத்தினாள். துணி கொடுப்பவர்கள் ஒரு குறையும் சொல்ல வேண்டும். உன் அம்மா சொன்ன குறை, மூக்குப்பொடி டப்பா தொலைந்தால்கூட இந்த மனுஷன் காற்றாலைமேல் பழி போடுகிறார் என்பது. கொடுத்த துணி, நீ முதல் தடவை ஊருக்கு வந்தபோது எனக்கு வாங்கி வந்த அந்த மஞ்சள் சட்டை. அதைப் போட்டால் நான் தெருமுனையில் திரும்பும்போதே தெரிகிறதென்று அவளுக்கு அதன்மேல் ஆரம்பத்திலிருந்தே காட்டம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓவியப் பெண் அதை இறக்கையின் உச்சியில் தைத்துவிட்டாள்.

திறப்பு விழா அன்று சாயங்காலம் நாங்கள் கரை திரும்புகிறோம். புகைக்கூண்டு தெரிந்தது, பக்கத்தில் மஞ்சளாய் ஒன்று தெரிந்தது. தொட்டிதான் என்று இரண்டையும் ஒன்றாக்கிப் பிடித்து ஓட்டினேன் பார், நேராக மணல் திட்டில் ஏறி நின்றது படகு. உன் மாமன் மீன் கூடைக்குள் தலைகுப்புற விழுந்தான். கரையில் நின்ற விருந்தாளிகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒரு பெரிய மனிதர் இதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் நின்ற உன் அம்மாவிடமே கேட்டாராம். அவள் சொன்னாள்: “இது கலையெல்லாம் இல்லீங்க, என் வீட்டுக்காரரு.”

மறுநாளே உன் மாமன் சுக்கானைப் பிடித்துக்கொண்டான். “அத்தான், நீங்க முன்னால உக்காந்து கயித்த மட்டும் பிடிங்க, போதும்” என்றான். இத்தனை வருஷம் ஓட்டியவனைக் கயிறு பிடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், நீயே சொல். நான் முறுக்கிக்கொண்டு கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். அவன் கெட்டிக்காரனாம், இடப்பக்கம் தெரியும் மஞ்சள் சட்டை, வலப்பக்கம் தெரியும் மஞ்சள்தான் தொட்டி என்று மனதில் கணக்குப் போட்டிருந்தான். ஓவியப் பெண்ணோ, ஐயோ பெரியவர் ஏமாந்தாரே என்று இரக்கப்பட்டு, அன்று காலையில்தான் இறக்கையைப் பிடுங்கி வலப்பக்கம் நட்டிருந்தாள். வலப்பக்கத்து மஞ்சளைத் தொட்டியென்று நம்பி, அவனும் அதே திட்டில், அதே சத்தத்தோடு ஏறினான். கூடைக்குள் விழுந்தது இந்தத் தடவை நான். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் விழுந்ததில்லை.

அதற்கப்புறம்தான் மற்ற படகுக்காரர்கள் வாயைத் திறந்தார்கள். காற்றாலையைச் சுற்றி வர ஆரம்பித்ததிலிருந்து எல்லாரும் ஒரு தடவையாவது அந்தத் திட்டில் உரசியிருக்கிறார்கள், வெட்கப்பட்டு வெளியில் சொல்லவில்லை. ஓவியப் பெண் கேட்டுக்கொண்டே நின்றாள், பிறகு இதை எங்கே நட்டால் உங்களுக்கு உதவும் என்றாள். இப்போது இறக்கை மணல் திட்டின் ஓரத்தில் நிற்கிறது. அதை இடக்கைப் பக்கம் விட்டு வந்தால் ஆழம், யாரும் ஏமாற வழியில்லை. நகரத்துக்கு அவள் படம் மட்டும் எடுத்துப் போகிறாள். உன் மாமன் தலையைச் சொறிந்துகொண்டு சுக்கானைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். உன் அழுகைக்காகக் கண் டாக்டரிடமும் போனேன், கண்ணாடி கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுப் பார்த்தால் சட்டையில் உன் அம்மா வைத்த ஒட்டுத்தையல்கூடத் தெரிகிறது. ஆகவே கடலுக்குப் போகாதே என்று மட்டும் சொல்லாதே கண்ணு, தினமும் நீ வாங்கித் தந்த சட்டைதான் என்னைக் கரைக்குக் கூப்பிடுகிறது.

நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று, வரும்போது எனக்கு ஒரு சட்டை வாங்கி வா, விசேஷத்துக்குப் போட நல்லதாக ஒன்றுகூட இல்லை. எந்த நிறமும் சரி, மஞ்சள் மட்டும் வேண்டாம். நான் அதைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் உலாவினால் பாதிப் படகுகள் என் பின்னாலேயே வந்துவிடும்.

சுக்கான் பிடித்த கையோடு,
உன் அப்பா